சூப்பர்டக்ஸ்கார்ட்: ரசிகர்கள் உருவாக்கிய தடங்களை நிறுவிப் பலருடன் ஆடும் முறை

சூப்பர்டக்ஸ்கார்ட் கட்டற்ற மென்பொருளாக வெளிவரும் கார்ட் (சிறு பந்தய வண்டி) பந்தய விளையாட்டு. 2019 ஏப்ரலில் வெளியான 1.0 பதிப்பிலிருந்து இணையம் வழியாகவும் பலர் சேர்ந்து ஆட முடிகிறது. விளையாட்டுடன் வரும் தடங்கள் போதாதவர்களுக்காக, ரசிகர்கள் பிளெண்டர் மென்பொருளில் வடிவமைத்த ‘ஆட்-ஆன்’ தடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைத் தனியாக ஆடுவதற்கு நிறுவுவது எளிது. நண்பர்களுடன் சேரும்போது, நிறுவிய தடம் பட்டியலில் தென்படாமல் போவதுதான் புதியவர்களைத் திகைக்க வைக்கிறது.

முதலில் விளையாட்டு

விளையாட்டை அதன் அதிகாரப்பூர்வ இணையதளத்திலிருந்து பதிவிறக்குங்கள். லினக்ஸ் பயனர்கள் தங்கள் இயங்குதளத்தின் மென்பொருள் களஞ்சியத்திலிருந்தும் நிறுவலாம்; ஆனால் அங்கே சில நேரங்களில் பழைய பதிப்பே இருக்கும். சேர்ந்து ஆட விரும்பும் அனைவரும் ஒரே பதிப்பை வைத்திருப்பது பின்னால் வரும் பாதிச் சிக்கல்களைத் தவிர்க்கும்.

மெனு வழியாகத் தடம் சேர்த்தல்

முதல்முறை திறக்கும்போது, இணையத்துடன் இணைய அனுமதிக்கலாமா என்று விளையாட்டு கேட்கும். அப்போது மறுத்திருந்தால், அமைப்புகளில் உள்ள பொதுப் பகுதிக்குச் சென்று அந்த அனுமதியை வழங்கினால்தான் ஆட்-ஆன் பக்கம் வேலை செய்யும். பிறகு முதன்மைத் திரையில் ஆட்-ஆன் என்ற பொத்தானை அழுத்துங்கள். கார்ட்டுகள், தடங்கள், அரங்கங்கள் என்று பிரிவுகள் இருக்கும். தடங்கள் பிரிவில் ஏதேனும் ஒன்றைச் சொடுக்கினால் அதன் விளக்கம், உருவாக்கியவர் பெயர், கோப்பின் அளவு ஆகியவற்றோடு நிறுவும் பொத்தானும் தோன்றும். இதற்குப் பயனர் கணக்கு தேவையில்லை. ரசிகர்களின் படைப்புகள் தரத்தில் ஒரே சீராக இருப்பதில்லை என்பதால், முதலில் மதிப்பீட்டின்படி வடிகட்டி, நல்ல மதிப்பீடு பெற்ற சிலவற்றை மட்டும் நிறுவிப் பார்ப்பது நல்லது. நிறுவிய தடங்கள், பந்தயத்திற்கு முன் வரும் தேர்வுத் திரையில் ஆட்-ஆன் பிரிவின் கீழ் இருக்கும்.

கைமுறையாக நிறுவுதல்

தடத்தை யாரேனும் ஜிப் கோப்பாகக் கொடுத்தால் மட்டுமே இந்த வழி தேவைப்படும். விண்டோஸில், விண்டோஸ் விசையுடன் ஆர் விசையை அழுத்தி, ‘ஆப்டேட்டா’ என்ற சொல்லை இருபுறமும் விழுக்காட்டுக் குறியுடன் ஆங்கில எழுத்தில் (%appdata%) தட்டச்சு செய்தால் ஒரு கோப்புறை திறக்கும். அதனுள் சூப்பர்டக்ஸ்கார்ட், அதனுள் ஆட்ஆன்ஸ், அதனுள் டிராக்ஸ் என்று செல்லுங்கள். லினக்ஸில் இதே வரிசை, முகப்புக் கோப்புறையில் மறைந்திருக்கும் லோக்கல் என்பதன் உள்ளே ஷேர் என்ற கோப்புறையில் கிடைக்கும்; பெரும்பாலான கோப்பு மேலாளர்களில் கண்ட்ரோல் விசையுடன் எச் விசையை அழுத்தினால் மறைந்திருப்பவை தெரியும். பந்தயத் தடமானாலும் சண்டை அரங்கமானாலும் இதே டிராக்ஸ் கோப்புறையில்தான் வைக்க வேண்டும்.

ஜிப் கோப்பை விரிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். தடத்தின் கோப்புறையைத் திறந்த உடனே டிராக்.எக்ஸ்எம்எல் என்ற கோப்பு கண்ணில் பட வேண்டும். சில மென்பொருள்கள் விரித்ததை மேலும் ஒரு கோப்புறைக்குள் போட்டு வைக்கும். அப்படி ஓர் அடுக்கு கூடிவிட்டால் விளையாட்டால் தடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. தடங்களின் பட்டியல் விளையாட்டு தொடங்கும்போதுதான் படிக்கப்படுகிறது என்பதால், அதை ஒருமுறை மூடித் திறக்க வேண்டும். இப்படிச் சேர்த்த தடத்தை ஆட்-ஆன் பக்கம் ‘நிறுவப்பட்டது’ என்று காட்டாது. வேண்டாம் என்றால் அந்தக் கோப்புறையை நீங்களே நீக்கிவிட வேண்டியதுதான். எல்லாம் சரியாக இருந்தும் தடம் வரவில்லையென்றால், அது பழைய பதிப்புக்காக உருவாக்கப்பட்டதாக இருக்கலாம்: டிராக்.எக்ஸ்எம்எல் கோப்பில் குறிக்கப்பட்ட பதிப்பு எண்ணை விளையாட்டு ஏற்காவிட்டால், அந்தத் தடத்தைத் தாண்டிச் சென்றுவிடும்.

பலருடன் ஆடும்போது

ஒரே கணினியில் திரையைப் பகிர்ந்து ஆடுவதாக இருந்தால் மேலே சொன்னவையே போதும். வலையமைப்பில் ஆடும்போது விதி மாறுகிறது. ஆட்டத்தை நடத்தும் சர்வர் ஒவ்வொருவரிடமும் உள்ள தடங்களைக் கேட்டறிந்து, எல்லோரிடமும் பொதுவாக இருப்பவற்றை மட்டுமே தேர்வுக்கு வைக்கும். நால்வர் ஆடும் அறையில் மூவரிடம் ஒரு தடம் இருந்து, நான்காமவரிடம் இல்லையென்றால், அது நால்வருக்குமே கிடைக்காது. சர்வரிலிருந்து தடம் தானாக உங்கள் கணினிக்கு வந்து சேராது. ஆகவே தடம் காணவில்லை என்றதும் மீண்டும் மீண்டும் நிறுவிப் பார்க்காமல், யாரிடம் அது இல்லை என்று விசாரிப்பதே சரியான முதல் வேலை.

கைமுறையாக நிறுவிய குழுக்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கோப்புறையின் பெயரையே விளையாட்டு அந்தத் தடத்தின் அடையாளமாகக் கொள்கிறது. யாரேனும் ஒருவர் அந்தப் பெயரில் ஓர் எழுத்தை மாற்றியிருந்தாலும், உள்ளே இருப்பவை அச்சு அசலாக ஒன்றாக இருப்பினும், அது வேறு தடமாகவே கருதப்படும். முடிந்தவரை எல்லோரும் மெனு வழியாகவே நிறுவ வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

ஒரே வைஃபையில் இருப்பவர்கள், இணைய ஆட்டப் பகுதியில் உள்ளூர் வலையமைப்பைத் தேர்ந்தெடுத்து, ஒருவர் சர்வரை உருவாக்க மற்றவர்கள் அதைத் தேடிச் சேரலாம். இணையத்தில் எல்லோரும் காணும்படி சர்வர் அமைக்கப் பயனர் கணக்கு வேண்டும். உள்ளூர் சர்வர் மற்றவர்களின் திரையில் தெரியவில்லையென்றால், சர்வர் உள்ள கணினியின் ஃபயர்வாலில் (வலையமைப்புத் தொடர்புகளைத் தடுக்கும் பாதுகாப்பு அரண்) யுடிபி போர்ட்கள் எனும் தொடர்பு வாயில்கள் 2757, 2759 ஆகிய இரண்டும் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். முன்னது சர்வரைக் கண்டறிவதற்கும், பின்னது ஆட்டத் தொடர்புக்கும் வழக்கமாகப் பயன்படுகின்றன.