'இங்கே அழுத்தவும்' போதும்: லிங்க்குக்கு ஒழுங்காகப் பெயர் வைக்க

எல்ல, ஹப்புத்தளைப் பக்கம் ஹோம்ஸ்டே நடத்துகிற நம்ம பிள்ளைகள் இப்போது வெப்சைட்டையும் தாங்களே செய்கிறார்கள். படங்கள் அபாரம். லிங்க்குகள்தான் 'இங்கே அழுத்தவும்', 'மேலும் வாசிக்க', திரும்பவும் 'இங்கே அழுத்தவும்'. சிக்னல் வந்து வந்து போகிற தோட்டத்தில் இருந்து பார்க்கிறவர், எங்கே போகும் என்று தெரிந்துகொள்வதற்காக ஒவ்வொன்றையும் திறந்து டேட்டாவைக் கரைப்பாரா?

சுற்றியுள்ள வசனத்தை மறைத்துவிட்டு லிங்க்கை மட்டும் வாசித்துப் பாருங்கள். விளங்கினால் சரி. கண் தெரியாதவர்கள் பலர் பக்கத்தை அப்படித்தான் அலசுகிறார்கள்: என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை விண்டோஸில் போட்டு இன்சர்ட், எஃப்7 இரண்டையும் சேர்த்து அழுத்தினால் லிங்க்குகள் மட்டும் பட்டியலாக வரும், அதில் வரிசையாகப் பத்து 'இங்கே அழுத்தவும்' இருந்தால் அந்த மனிதர் எதைத் தெரிவு செய்வார்? வெப்சைட்டை எல்லாரும் பயன்படுத்த வழி சொல்கிற சர்வதேச விதித்தொகுப்பான டபிள்யூசிஏஜியின் விதி 2.4.4, சூழ்ந்த வசனத்தோடு சேர்த்துப் புரிந்தாலே போதும் என்று விட்டுக்கொடுக்கிறது. நான் விடமாட்டேன்.

'ரயில் நேரம் அறிய இங்கே அழுத்தவும்' என்பதில் கடைசி இரண்டு சொல்லையும் தூக்கிவிட்டு, 'கோட்டை – நானுஓயா ரயில் நேரங்கள்' என்பதையே லிங்க் ஆக்குங்கள். நுவரெலியாவுக்கு நானுஓயாவில்தான் இறங்க வேண்டும் என்பது வெளியூர்க்காரருக்குத் தெரியாது, அதைப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள், லிங்க்குக்குள் திணிக்க வேண்டாம். ஒவ்வோர் அறைக்கும் கீழே 'விவரம்' என்று போடாமல் 'குடும்ப அறை வாடகை', 'இருவர் அறை வாடகை' என்று பிரியுங்கள். கோப்பு இறங்குமென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள்: 'வாடகைப் பட்டியல் (பிடிஎஃப், 4 எம்பி)'. வாட்ஸ்அப் படத்தை லிங்க் ஆக்கினால் அதன் ஆல்ட் டெக்ஸ்டில் (படத்துக்குப் பதிலாக வாசிக்கப்படும் சொற்கள்) 'வாட்ஸ்அப்பில் அறை பதிவு செய்ய' என்று இருக்கட்டும், 'பச்சை ஐகான்' என்றல்ல. கூகுளும் போகிற பக்கம் எதைப் பற்றியது என்று ஊகிக்க இந்தச் சொற்களைப் பார்க்கிறது, அது ஒரு கூடுதல் லாபம்.

அப்புறம், தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் ஒன்று. 'பட்டியலைப் பார்க்க' என்றால் 'பட்டியலை' முழுவதும் லிங்க்குக்குள் வர வேண்டும். வேற்றுமை உருபை வெளியே விடப்போய் எழுத்தையும் அதன் குறியையும் லிங்க்கை முடிக்கிற எச்டிஎம்எல் குறி (டேக்) நடுவில் வந்து பிரித்துவிட்டால், சில ஃபோன்களில் புள்ளி வட்டம் வந்து நிற்கும். அடிக்கோட்டையும் எடுத்துவிடாதீர்கள், தேயிலைப் பச்சை நிறம் மட்டும் போட்டால் அது லிங்க் என்று எல்லாருக்கும் தெரியாது.