வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு நீங்களே விண்ணப்பிப்பது எப்படி? மலேசியப் பிள்ளைகளுக்கு

எஸ்டிபிஎம், ஏ லெவல் படிக்கிற பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "அக்கா, எந்த ஏஜென்ட்டைப் பார்க்கலாம்?" என்பதுதான். போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்களிடம் காசு வாங்காத ஏஜென்ட்டுக்குப் பொதுவாகப் பல்கலைக்கழகம்தான் கமிஷன் தருகிறது, அதனால் கமிஷன் தரும் இடங்களைத்தான் அவர் முதலில் எடுத்து வைப்பார், அது தெரிந்து போங்கள். உண்மையில் இது வீட்டில் உட்கார்ந்து நீங்களே செய்துவிடக்கூடிய வேலை. பட்டர்வொர்த்தில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே சில பிள்ளைகள் விண்ணப்பம் போட்டு முடித்திருக்கிறார்கள். பிரிட்டனை எடுத்துக்காட்டாக வைத்துச் சொல்கிறேன், மற்ற நாடுகளுக்கும் பாதி வேலை இதேதான்.

1. அந்தப் பட்டம் இங்கே செல்லுமா?

பல்கலைக்கழகத் தரவரிசையை மூடி வைத்துவிட்டு முதலில் இதைப் பாருங்கள். மருத்துவம் என்றால் மலேசிய மருத்துவ மன்றம், பல் மருத்துவத்துக்குத் தனி மன்றம், சட்டத்துக்குச் சட்டத் தொழில் தகுதி வாரியம். எந்தப் பட்டத்தை ஏற்கிறோம் என்று இவை பட்டியல் வைத்திருக்கின்றன. பிரிட்டனில் எல்எல்பி முடித்துவிட்டு வந்தால் மட்டும் இங்கே வழக்கறிஞர் ஆகிவிட முடியாது, சிஎல்பி என்ற வழக்கறிஞர் தகுதித் தேர்வு எழுத வேண்டும், இல்லையென்றால் அங்கேயே பாரிஸ்டர், அதாவது நீதிமன்ற வழக்கறிஞர், ஆகிவிட்டு வர வேண்டும். பொறியியலுக்கு, ஒரு நாடு அங்கீகரித்த பட்டத்தை மற்ற உறுப்பு நாடுகளும் மதிக்கும் வாஷிங்டன் ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறது, மலேசியா 2009 முதல் அதில் முழு உறுப்பினர். பல்கலைக்கழகப் பெயரோடு நிறுத்தாமல் படிப்பின் பெயரையும் தேடுங்கள். ஒரே வளாகத்தில் ஒரு படிப்புக்கு அங்கீகாரம் இருக்கும், பக்கத்துப் படிப்புக்கு இருக்காது.

2. பெயர்

இது நம் ஆட்கள் மாட்டிக்கொள்கிற இடம், தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். மைகார்டிலும் கடப்பிதழிலும் நம் பெயர் ஒரே வரி: சொந்தப் பெயர், ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி (மகள்), அப்புறம் அப்பா பெயர். குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று நமக்கு இல்லை. ஆனால் வெளிநாட்டுப் படிவம் எதைத் திறந்தாலும் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கும், நடுவில் உள்ள அந்தச் சாய்கோட்டைப் பல இணையப் படிவங்கள் ஏற்காது. நான் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வுக்குப் பதிந்தபோது ஏ/பி-யை விட்டுவிட்டேன், கடப்பிதழில் அது இருந்தது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஓர் அலுவலகத்துக்கு மாறி மாறி மின்னஞ்சல் போட்டதில் மூன்று வாரம் ஓடிவிட்டது, அதற்குள் நான் கேட்டிருந்த விடுதி அறை வேறு யாருக்கோ போய்விட்டது.

அதனால் தேர்வுக்குப் பதியும் முன்பே கடப்பிதழை எடுத்துவிடுங்கள். அதில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து எல்லா இடத்திலும் போடுங்கள். அப்பா பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்திலும் மற்றதைச் சொந்தப் பெயர் கட்டத்திலும் போடுவது வழக்கம். சாய்கோட்டுக்குப் பதில் இடைவெளி விட்டீர்களா, சேர்த்து எழுதினீர்களா என்பதை ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொண்டு கடைசி வரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள். பிறப்புப் பத்திரம் மாதிரி மலாய்ப் பத்திரம் கேட்டால் சான்றளித்த மொழிபெயர்ப்பு வேண்டும்.

3. யுகாஸ்

பிரிட்டனில் இளங்கலைக்கு யுகாஸ் என்ற ஒரே தளம். ஒரு விண்ணப்பத்தில் 5 படிப்புகள் வரை தேர்ந்தெடுக்கலாம், மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம் என்றால் அவற்றில் 4தான். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் ஒரே ஆண்டில் போட முடியாது. இந்த இரண்டுக்கும் அந்த மருத்துவப் படிப்புகளுக்கும் கடைசி நாள் அக்டோபர் 15, மற்ற பெரும்பாலான படிப்புகளுக்கு ஜனவரி நடுப்பகுதி. நேரம் அவர்களுடைய மாலை 6 மணி, ஜனவரியில் அது நமக்கு மறுநாள் அதிகாலை 2 மணி. அதை நம்பிக் கடைசி ராத்திரி வரை இழுக்காதீர்கள்.

ஆசிரியரின் பரிந்துரையும், இறுதித் தேர்வில் நீங்கள் எடுப்பீர்கள் என்று அவர் கணித்த மதிப்பெண்ணும் வேண்டும். நம் ஆறாம் படிவ ஆசிரியர்கள் பலருக்கு யுகாஸ் பழக்கமில்லை, ஆகவே குறைந்தது ஒரு மாதம் முன்னால் போய், உங்கள் பருவத் தேர்வு முடிவுகளையும் எந்தப் படிப்பு என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள்.

4. உங்களைப் பற்றி எழுதுவது

2026 சேர்க்கையிலிருந்து யுகாஸ் விண்ணப்பத்தில் இது மூன்று கேள்விகளாக மாறிவிட்டது. ஏன் இந்தப் படிப்பு, பள்ளிப் படிப்பு உங்களை எப்படித் தயார் செய்தது, பள்ளிக்கு வெளியே என்ன செய்தீர்கள். இடைவெளியும் சேர்த்து மொத்தம் 4,000 எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350.

போன வருஷம் ஒரு பையன், "சிறு வயதிலிருந்தே எனக்கு இயந்திரங்கள் மேல் ஆர்வம்" என்று ஆரம்பித்திருந்தான். சரி, என்ன இயந்திரம் என்று கேட்டேன். அவன் அப்பாவுக்குப் பிறை நகரில் லோரிப் பட்டறை. ஒரே லோரிக்கு மூன்று மாதத்தில் இரண்டு தடவை கிளட்ச் தட்டு தேய்ந்துபோய் வந்ததையும், ஓட்டுநர் மேல் தப்பு என்று எல்லோரும் சொல்ல, இவன் கழற்றிப் பார்த்து எண்ணெய்க் கசிவைக் கண்டுபிடித்ததையும் சொன்னான். கதை சொல்லும்போது அவன் கை தானாகவே கிளட்ச்சைக் கழற்றிக்கொண்டிருந்தது! அதையே எழுது என்றேன். எழுதினான், நான்கு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்தது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று கண்டிப்பாக இருக்கும். செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்காதீர்கள், கிளட்ச் தட்டு அதற்குத் தெரியாது. மற்றவர்கள் எழுதியதோடு ஒத்துப்போகிறதா என்று யுகாஸ் சோதிக்கவும் செய்கிறது.

5. ஆங்கிலம்

ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் 2 ஆண்டுகள்தான் செல்லும். ஆனால் எஸ்பிஎம் ஆங்கிலம், அதாவது 1119 என்ற குறியீட்டுப் பாடம், சில பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கே போதும். தேர்வுக்குப் பணம் கட்டும் முன் அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் மலேசியா என்று தேடிப் பாருங்கள்.

6. பணம்

பிடிபிடிஎன் என்ற அரசு உயர்கல்விக் கடன் வெளிநாட்டுப் படிப்புக்குக் கிடையாது, இதை நம்பிக் கணக்குப் போட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும். பெற்றோர் தங்கள் இபிஎஃப் சேமநிதியில் அக்காவுன் செஜாத்ரா என்ற கணக்கிலிருந்து பிள்ளையின் படிப்புக்கு எடுக்கலாம். உபகாரச் சம்பளங்களுக்குத் தனியாக முன்கூட்டியே விண்ணப்பியுங்கள், பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த பிறகு தேடினால் பலவற்றின் தேதி முடிந்திருக்கும்.

பிரிட்டன் விசாவுக்கு, படிப்புக் கட்டணம் போக, செலவுக்குக் காட்ட வேண்டியது லண்டன் என்றால் மாதம் 1,529 பவுண்டு, வெளியே 1,171, அதிகபட்சம் 9 மாதத்துக்கு. அந்தப் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். மலேசியர்களிடம் வழக்கமாகப் பணம் இருப்பதைக் காட்டும் பத்திரங்களை விண்ணப்பத்தோடு கேட்பதில்லை, ஆனால் எந்த நேரமும் கேட்கலாம், அதனால் உண்மையிலேயே வைத்திருங்கள். ஆஸ்திரேலியா ஓராண்டுச் செலவுக்கு 29,710 ஆஸ்திரேலிய டாலர் கேட்கிறது, ஜெர்மனி 11,904 யூரோ. ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் இல்லை, ஆனால் இளங்கலை பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான்.

7. இடம் கிடைத்த பிறகு

வந்த அழைப்புகளில் ஒன்றை முதல் தேர்வாகவும் ஒன்றை மாற்றாகவும் வைத்துக்கொள்ளலாம். மாற்றாக வைப்பது மதிப்பெண் குறைவாகக் கேட்கும் இடமாக இருக்கட்டும். மதிப்பெண் மாதிரி அழைப்பில் கேட்ட நிபந்தனைகள் முடிந்ததும், இடத்தை உறுதிசெய்யும் சிஏஎஸ் என்ற எண்ணைப் பல்கலைக்கழகம் அனுப்பும், அது இல்லாமல் விசாவுக்குப் போக முடியாது. மலேசியாவிலிருந்து போகிறவர்களுக்குக் காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் வேண்டும், பிரிட்டன் அங்கீகரித்த கிளினிக்கில் எடுத்தது மட்டுமே செல்லும். விசாவோடு கட்ட வேண்டிய சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு, முழுக் காலத்துக்கும் சேர்த்து முன்கூட்டியே கட்ட வேண்டும்.

சிஏஎஸ் வந்த அன்றே கடப்பிதழைப் பக்கத்தில் வைத்து உங்கள் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள், ஏ/எல், ஏ/பி உட்பட. ஓர் எழுத்து மாறியிருந்தாலும் விசாவுக்குப் பணம் கட்டும் முன் பல்கலைக்கழகத்துக்கு எழுதித் திருத்தி வாங்கிவிடுங்கள்.