வாத்தியார் வேலையில் மனசு நிறைய வேண்டுமா?

"ஆசிரியர் பணியே அறப்பணி, அதற்கே உன்னை அர்ப்பணி" என்கிற வாசகத்தை முதலில் ஓரமாக வையுங்கள். ஆசிரியர் தின மேடையில் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கணக்கெடுப்பு, தேர்தல் வேலை, தனியார் பள்ளியில் அரைச் சம்பளம் என்று எதையாவது நம் தலையில் கட்ட வேண்டுமென்றால் எடுத்து விடுவதும் இதே வாசகத்தைத்தான். சம்பளத்தைச் சண்டை போட்டாவது வாங்குங்கள், சங்கத்தில் சேருங்கள். திருப்தி வேறு கணக்கு, இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம்.

அந்தத் திருப்தியைத் தேர்ச்சி விழுக்காட்டில் தேடாதீர்கள். பத்தாம் வகுப்பு ரிசல்ட் மே மாதம் ஒரு நாள் வரும், அன்று சாயங்காலமே "நூறு ஏன் வரலை" என்று கேள்வியும் வரும். அதில் உங்கள் பங்கு எவ்வளவு, டியூஷன் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. உங்கள் கண்ணால் பார்த்து, இது நான் செய்தது என்று உங்களுக்கே தெரிகிற மாதிரி ஒன்றைக் கையில் எடுங்கள்.

எனக்குத் தெரிந்து அதற்கு வாசிப்பை மிஞ்சி எதுவும் இல்லை. 2022-இல் தமிழக அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனாலும் ஆறாம் வகுப்புக்கு வரும்போது எழுத்துக்கூட்டத் திணறுகிற மூன்று நான்கு பேர் எப்படியும் இருப்பார்கள். ஜூன் மாதத்திலேயே அவர்களைக் கண்டுபிடியுங்கள். சத்தமாக வாசிக்கச் சொன்னால் கூச்சத்தில் ஊமையாகிவிடுவார்கள், அதனால் மதியச் சாப்பாடு முடிந்ததும் பத்து நிமிடம், வேப்பமரத்தடியோ வராந்தாவோ, தனியாக உட்கார வையுங்கள். பெரும்பாலும் எங்கே மாட்டுகிறார்கள் என்றால், ஒற்றைக்கொம்பிலும் இரட்டைக்கொம்பிலும். கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, நடுவில் உள்ள எழுத்தைப் பார்ப்பதற்குள் பிள்ளைக்கு மூச்சு வாங்கிவிடுகிறது. இதற்குப் பாடப்புத்தகம் வேண்டாம், நம்ம திருநெல்வேலிப் பக்கத்து பஸ் போர்டு போதும். கொக்கிரகுளம், கங்கைகொண்டான் என்று ஒரு பக்கம், பாளையங்கோட்டை, கோபாலசமுத்திரம் என்று இன்னொரு பக்கம் எழுதிப் போடுங்கள். தினமும் காதில் விழுகிற ஊர்ப்பெயர் என்பதால் சத்தம் ஏற்கெனவே வாயில் இருக்கிறது, கண்ணுக்கு மட்டும்தான் வேலை.

அப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டு. யார் என்றைக்கு எதை வாசித்தார் என்று ஒரு வரி, அவ்வளவுதான். இது கல்வித்துறையின் ஆன்லைன் பதிவேடான எமிஸில் ஏற்றுவதற்கோ அதிகாரிக்குக் காட்டுவதற்கோ இல்லை, உங்களுக்கு. அரையாண்டு லீவில் புரட்டிப் பாருங்கள், ஜூலையில் "கொ" தெரியாத பையன் டிசம்பரில் நாலு வரி வாசித்திருப்பான். முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிற ஒரு அம்மா பள்ளிக்கூட வாசலில் என்னைப் பிடித்து நிறுத்தி, "சார், கம்பெனி பாஸ்புக்க அவனே வாசிச்சிட்டான், கணக்குல ஒரு கட்டு குறையுதுன்னு வேற சொல்லுதான்" என்றார். இதெல்லாம் நல்லாசிரியர் விருதுப் பட்டியலில் வராது. வராவிட்டால் என்ன?

உட்கார வைக்கிற வரிசையையும் நீங்களே கையில் எடுங்கள். நம்ம பக்கம் கையில் கட்டுகிற கயிற்றின் நிறத்தை வைத்தே யார் என்ன சாதி என்று சொல்லிவிடலாம் என்பதும், பெஞ்சும் அதே மாதிரி பிரிந்துவிடும் என்பதும் உங்களுக்குத் தெரியாதது இல்லை. 2023-இல் நாங்குநேரியில் பள்ளி மாணவனை வீடு புகுந்து வெட்டிய பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024-இல் கொடுத்த அறிக்கையில் கயிறைத் தடை செய்யவும் அகர வரிசையில் உட்கார வைக்கவும் பரிந்துரைத்தது. அறிக்கை அறிக்கையாக இருக்கட்டும், அகர வரிசையில் உட்கார வைக்க யாரிடமும் உத்தரவு கேட்க வேண்டியதில்லை. முதல் வாரம் முறைத்துக்கொள்வார்கள். ஒரு மாதம் கழித்து ஒருத்தன் காம்பஸை இன்னொருத்தன் கேட்காமலே எடுப்பான். அதைக் கவனிக்கிற கண் இருந்தால் போதும்.

பேப்பர் வேலையை ஒழிக்க முடியாது, சுருக்கலாம். வருகைப்பதிவைக் காலையிலேயே ஏற்றிவிட்டுப் போனைப் பைக்குள் போடுங்கள். பாடக்குறிப்பை அடுத்த வருடம் நீங்களே எடுத்துப் பார்க்கிற மாதிரி எழுதினால் அந்த எரிச்சல் பாதியாகக் குறையும். ஸ்டாஃப் ரூமில் அகவிலைப்படியும் மாறுதலும் தவிர வேறு பேசுகிற ஒருவராவது இருப்பார். அவர் வகுப்பில் ஒரு பீரியட் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள், அவரையும் உங்கள் வகுப்புக்குக் கூப்பிடுங்கள். அறிவியல் சார் என்றால் வருடத்தில் ஒரு தடவையாவது கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். ஊர்க்காரர்களே காபந்து பண்ணுகிற பறவைகளைப் பார்த்துவிட்டு வந்தால் கேள்விகள் தானாக வரும், பதில் தெரியாமல் நீங்கள் முழிப்பதிலும் ஒரு சுகம் இருக்கிறது.

கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் போஸ்டிங் வாங்கிவிட்டு மாறுதல் கவுன்சிலிங்குக்காகக் காத்திருக்கிற நம்ம ஊர் ஆட்களுக்குத் தனியாக ஒன்று. மாறுதல் வரட்டும், ஆனால் அதுவரை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பையைக் கட்டிவைத்து பஸ் ஏறினால் அங்கே உள்ள பிள்ளைகளின் ஊர்ப்பெயர்கூட மனசில் நிற்காது. மாதத்தில் ஒரு சனி ஞாயிறு அங்கேயே தங்குங்கள்.

இத்தனையும் செய்தும் ஞாயிறு ராத்திரி வயிற்றைப் பிசைகிறதென்றால் வகுப்பை மாற்றிப் பாருங்கள். பத்தாம் வகுப்பில் காய்ந்துபோன எத்தனையோ பேர் ஏழாம் வகுப்பில் துளிர்த்திருக்கிறார்கள், தலைகீழாகவும் நடக்கும். ஹெச்.எம்.மிடம் ஏப்ரலிலேயே கேட்டுவிடுங்கள். ஜூனில் டைம்டேபிள் போட்ட பிறகு அவர் அசைய மாட்டார்.