பெர்க்லியோட் யார் வீட்டுப் பெயர்? அரிய ஸ்காண்டிநேவியப் பெயர் ஒன்றைத் தேடிப் பிடிப்பது எப்படி

ஒரு அரிய ஸ்காண்டிநேவியப் பெயர் கண்ணில் பட்டால் எல்லோரும் முதலில் செய்வது, குழந்தைப் பெயர்த் தளம் ஒன்றில் அதைப் போட்டு ‘அர்த்தம்’ பார்ப்பதுதான். அதைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். அந்தத் தளங்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியவை, ஒரே வரியில் ‘மலையின் ஒளி’ என்று எதையாவது சொல்லிவிட்டுப் போய்விடும், அந்தப் பெயரை எந்தப் பள்ளத்தாக்கில் யார் வைத்தார்கள், எப்போது நின்றுபோனது, இப்போது எத்தனை பேர் மிச்சம் என்று ஒன்றும் தெரியாது. முதலில் பெயர் வாழ்ந்த இடத்தையும் காலத்தையும் பிடியுங்கள். பொருள் தேடுவது அதற்கப்புறம் பாதி வேலைதான்.

வெறும் விதிகளாகச் சொன்னால் மண்டையில் ஏறாது, அதனால் ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம்: பெர்க்லியோட். நார்வே, ஐஸ்லாந்துப் பெண் பெயர். ரோமன் எழுத்தில் பி, இ, ஆர், ஜி, எல், ஜே, ஓ, டி.

முதல் வேலை எழுத்துக்கூட்டல். இதில் சோம்பல் பட்டால் பின்னால் வரும் எல்லாக் கணக்கும் தப்பாகும். ஒரு தாளில் அந்தப் பெயரை எத்தனை விதமாக எழுதியிருப்பார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பெர்க்லியோட்டில் ஜே இருக்கும் இடத்தில் ஐ போட்டும் எழுதுவார்கள், ஐஸ்லாந்தில் ஓ மேல் ஒரு சாய்கோடு வரும். நார்வே 1814 வரை டென்மார்க்கின் கீழ் இருந்தது, அதனால் பழைய தேவாலயப் பதிவேடுகளில் பாதிரியார் டேனிஷ் மொழியில், தன் காதுக்குக் கேட்டபடி எழுதிவைத்தார்; ஒரே பெண்ணின் பெயர் ஞானஸ்நானத்தில் ஒரு மாதிரி, கல்யாணத்தில் ஒரு மாதிரி, சாவில் வேறு மாதிரி இருப்பது சர்வசாதாரணம். மேலே வட்டம் போட்ட ஏ எழுத்து இருக்கும் பெயரா, உதாரணமாக ஓஸ்ஹில்ட்? அப்படியானால் இரட்டை ஏ போட்டும் தேட வேண்டும், ஏனென்றால் நார்வே அந்த வட்ட எழுத்தை 1917ல்தான் அதிகாரபூர்வமாக ஏற்றது, டென்மார்க் 1948ல். ஐஸ்லாந்தின் ‘தோர்ன்’ எழுத்து மற்ற நாடுகளில் டி ஆகிவிடும். ஐஸ்லாந்தில் இன்னொரு சிக்கல், பெயர்களுக்கும் வேற்றுமை உருபு ஏறும். பெர்க்லியோட்டின் ‘உடைய’ வடிவம் பெர்க்லியோடார். பழைய நூலில் நேர் வடிவத்தை மட்டும் தேடினால் பாதி இடங்கள் விட்டுப்போகும்.

சில பெயர்கள் இன்னும் தூரம் போயிருக்கும். நார்வேயின் மேற்குக் கரைப் புனிதர் சுன்னிவாவின் பெயர்தான் கிராமத்துப் பேச்சில் தேய்ந்து சின்னோவே ஆனது, இரண்டும் ஒன்று என்று பார்த்தவுடன் யாருக்கும் தோன்றாது.

சரி, அடுத்தது எண்ணிக்கை. நார்வே, ஸ்வீடன், டென்மார்க், ஐஸ்லாந்து என்ற நாலு நாடுகளின் புள்ளியியல் அலுவலகங்களும் இணையத்தில் பெயர் தேடும் வசதி வைத்திருக்கின்றன, காசு கிடையாது. ஆனால் ஒவ்வொன்றும் வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது, அதைக் கவனிக்காமல் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுபவர்கள்தான் அதிகம். நார்வேயில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் அந்தரங்கம் கருதிச் சரியான எண்ணைக் காட்டமாட்டார்கள். அரிய பெயர் தேடுபவருக்கு இது முக்கியம், எண் வரவில்லை என்றால் ஆளே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். ஸ்வீடனில் இரண்டு எண் வரும்: முதற்பெயர்களில் ஒன்றாக அதை வைத்திருப்பவர்கள் எத்தனை பேர், அவர்களில் அதையே கூப்பிடும் பெயராக வைத்திருப்பவர்கள் எத்தனை பேர். இந்தக் கூப்பிடும் பெயருக்கு அங்கே ‘டில்டால்ஸ்நாம்ன்’ என்று பெயர். ஒருவருக்கு இரண்டு மூன்று முதற்பெயர் இருப்பது அங்கே வழக்கம், பாட்டியின் பெயர் இரண்டாவதாக ஒட்டிக்கொண்டு யாரும் கூப்பிடாமலே கிடக்கும். அரிய பெயர்கள் பெரும்பாலும் ஒளிந்திருப்பது அந்த இரண்டாவது இடத்தில்தான். ஐஸ்லாந்தும் முதல் பெயர், இரண்டாம் பெயர் என்று பிரித்துக் காட்டுகிறது.

எண்ணிக்கையும் பிரபலமும் ஒன்றல்ல என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். இன்று உயிரோடிருக்கும் ஆயிரம் பேருக்கு ஒரு பெயர் இருக்கலாம், அத்தனை பேரும் எண்பது வயதுக்கு மேல் இருக்கலாம். அது பிரபலமான பெயர் இல்லை, விடைபெற்றுக்கொண்டிருக்கும் பெயர். இதைப் பிரித்தறியப் பிறந்த ஆண்டு வாரியான வரிசை வேண்டும். அதில் நார்வே கொடுத்துவைத்த நாடு, 1880லிருந்து பெயர்களின் ஏற்ற இறக்கத்தை வரைபடமாகவே பார்க்கலாம். டென்மார்க்கில் பிறந்த குழந்தைகளின் பெயர்க் கணக்கு 1985லிருந்தும், ஸ்வீடனில் 1998லிருந்தும்தான் கிடைக்கும். அதற்கு முந்தையதற்கு வேறு வழி பார்க்க வேண்டும், கீழே வருகிறேன்.

வரைபடம் பார்க்கும்போது செங்குத்து அச்சில் இருப்பது தலைகளின் எண்ணிக்கையா சதவீதமா என்று பாருங்கள். நார்வேயில் இப்போது ஆண்டுக்கு ஐம்பதாயிரம் சொச்சம் குழந்தைகள் பிறக்கிறார்கள், ஸ்வீடனில் அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அரிய பெயரில் ஒரு வருடம் இரண்டு, அடுத்த வருடம் ஆறு என்று வந்தால் ‘மூன்று மடங்கு உயர்வு’ என்று தலைப்புப் போட ஆசை வரும், போடாதீர்கள். பத்து பத்து ஆண்டாகக் கூட்டிப் பார்த்தால்தான் ஏதாவது தெரியும். அப்படிப் பார்க்கும்போது ஒரு அலை பிடிபடும். பெற்றோர் தலைமுறையின் பெயர்கள் புளித்துப்போயிருக்கும், பாட்டி பெயர் இன்னும் பாட்டியையே நினைவூட்டும், கொள்ளுப்பாட்டியின் பெயருக்கு மட்டும் புதுசு மாதிரி ஒரு வாசம் வந்துவிடும். அதனால் நூறு வருடம் போல இடைவெளி விட்டுப் பல பெயர்கள் திரும்பி வருகின்றன. எல்லாம் வராது. நாக்கில் சுலபமாக உருளும் சின்னப் பெயர்கள் வரும், பெர்க்லியோட் மாதிரி மெய்யெழுத்து முட்டிக்கொள்ளும் பெயர்கள் வாசலிலேயே நிற்கும் என்பது என் கணிப்பு.

கடல் தாண்டியும் ஒரு எட்டு பார்க்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லட்சக்கணக்கான நார்வே, ஸ்வீடன்காரர்கள் அமெரிக்காவுக்குப் போனார்கள், கூடவே பெயர்களும் போயின. அமெரிக்க சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் பெயர்ப் பட்டியல் 1880லிருந்து இருக்கிறது, ஓர் ஆண்டில் ஐந்து குழந்தைகளுக்காவது வைத்த பெயர்தான் அதில் ஏறும். சொந்த ஊரில் உச்சம் எப்போது, குடியேறிய இடத்தில் எப்போது என்று ஒப்பிட்டால் கதை கிடைக்கும்.

இப்போது 1880க்கு முன்னால். இங்கேதான் எனக்கு நேரம் போவதே தெரியாது. நார்வேயின் ‘டிஜிட்டால்ஆர்கிவெட்’ என்ற அரசு ஆவணத் தளத்தில் 1801, 1865, 1900, 1910 மக்கள்தொகைக் கணக்குகளைப் பெயர் போட்டே தேடலாம். 1920 கணக்கு நூறாண்டு பூட்டுக்குப் பிறகு 2020 டிசம்பரில் திறந்தது. ஐஸ்லாந்து எல்லோரையும் முந்திக்கொண்டது: 1703ல் நாடு முழுக்க வீடு வீடாகப் போய் ஐம்பதாயிரம் சொச்சம் பேரைப் பெயரோடு எழுதிவிட்டார்கள், யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் அது 2013ல் சேர்ந்தது. ஸ்வீடனில் 1686 தேவாலயச் சட்டத்தின்படி பாதிரியார்கள் வைத்த பதிவேடுகள் இருக்கின்றன, டென்மார்க்கில் 1787லிருந்து பெயரோடு கூடிய கணக்குகள் உண்டு.

தேடும்போது முழுப் பெயரைப் போடாதீர்கள். முதல் சில எழுத்தும் ஒரு நட்சத்திரக் குறியும் போட்டால் போதும், நீங்கள் கற்பனை செய்யாத எழுத்துக்கூட்டல் எல்லாம் கொட்டும். கிடைத்தவர்களை வயது வாரியாக அல்ல, ஊர் வாரியாக அடுக்குங்கள். ஏனென்றால் அங்கே பெயர் குடும்பச் சொத்து மாதிரி: மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், மகளுக்குப் பாட்டி பெயர் என்று போகும் வழக்கம் பல இடங்களில் கறாராக இருந்தது. விளைவு, நாடு முழுக்க அரிதான பெயர் ஒரே ஒரு வட்டாரத்தில் தெருவுக்கு ஒன்று இருக்கும். அந்த வட்டாரத்தைக் கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் எல்லாம் வேகமாக நடக்கும்.

இந்த வழக்கம் எவ்வளவு பழையது என்பதற்கு பெர்க்லியோட்டே சாட்சி. ஸ்னோர்ரி ஸ்டுர்லுசன் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதிய நார்வே மன்னர்களின் வரலாற்றில், இன்றைய ட்ரொண்ட்ஹைம் அருகே லாதேயை ஆண்ட சிகுர்ட் பிரபுவின் மனைவி பெயர் பெர்க்லியோட். அவர்கள் மகன் ஹாக்கோன். ஹாக்கோனின் மகள் பெயரும் பெர்க்லியோட், அதாவது பாட்டியின் பெயர் பேத்திக்கு. இந்தப் பேத்தியின் கணவர் ஐனார் தாம்பர்ஷெல்விர் 1050 வாக்கில் ஹரால்ட் ஹார்ட்ரோடே மன்னரின் ஆட்களால் மகனோடு சேர்த்துக் கொல்லப்பட, அவள் பழிவாங்கச் சொல்லி ஆட்களைத் தூண்டிய காட்சிதான் பெயரை நினைவில் நிறுத்தியது.

எந்தப் பழைய பெயருக்கும் அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி: இது இடைவிடாமல் வழக்கில் இருந்ததா, இல்லை புத்தகத்திலிருந்து எழுப்பிக்கொண்டு வந்ததா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் நார்வேயில் தேசிய உணர்வு பொங்கி, டேனிஷ் வாடை வீசும் பெயர்களை விட்டுவிட்டு ‘சாகா’ எனப்படும் பழைய வீரக் கதைகளிலிருந்து பெயர் பொறுக்க ஆரம்பித்தார்கள். சோதிப்பது சுலபம். 1801 கணக்கில் பண்ணை வீட்டுக் கிழவிகளுக்கு அந்தப் பெயர் இருந்தால் அது தானாக வாழ்ந்த பெயர். அதில் ஒன்றுமில்லாமல், 1865க்கு அப்புறம் நகரத்துப் படித்த குடும்பங்களின் குழந்தைகளிடம் திடீரென்று முளைத்தால் புத்தகப் பெயர். இரண்டும் கலந்தும் வரும். கவிஞர் பியோர்ன்ஸ்டியர்னே பியோர்ன்சன் (1903ல் நோபல் வாங்கியவர்) ஐனாரை இழந்த அந்த விதவை பெர்க்லியோட்டின் புலம்பலைக் கவிதையாக எழுதினார், எட்வர்ட் கிரீக் 1871ல் அதற்கு இசை அமைத்தார். பியோர்ன்சன் தன் மகளுக்கும் பெர்க்லியோட் என்றே பெயர் வைத்தார், 1869ல் பிறந்த அந்தப் பெண் பாடகியாகி, 1892ல் நாடகாசிரியர் ஹென்ரிக் இப்சனின் மகன் சிகுர்டைக் கல்யாணம் செய்துகொண்டார். நார்வே இலக்கியத்தின் இரண்டு பெரிய வீடுகளும் சம்பந்தியான இடத்தில் இந்தப் பெயர் நிற்கிறது. வரைபடத்தில் ஒரு மேடு தெரிந்தால் அதற்குப் பத்து இருபது வருடம் முன்னால் இப்படி யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள்.

அதற்குப் பழைய செய்தித்தாள்கள் உதவும். நார்வே தேசிய நூலகம் தன் புத்தகங்களையும் செய்தித்தாள்களையும் பெருமளவு இணையத்தில் ஏற்றிவிட்டது, ஒரு சொல் எந்த ஆண்டு எத்தனை தடவை வந்தது என்று கோடு போட்டுக் காட்டும் கருவியும் உண்டு. ஐஸ்லாந்துக்கு ‘டீமாரிட்’ தளம். ஆனால் அந்தக் கோட்டை நம்பி ஏமாறாதீர்கள், அச்சில் பெயர் வருவதும் தொட்டிலில் பெயர் வருவதும் வேறு. பெர்க்லியோட்டுக்கு 2016க்குப் பிறகு மேடு தெரிந்தால் குழந்தைகள் காரணமாக இருக்க வேண்டியதில்லை, அந்த ஆண்டு வெளிவந்து நார்வேயில் பெரிய சர்ச்சையைக் கிளப்பிய விக்டிஸ் யோர்ட்டின் நாவலில் கதைசொல்லியின் பெயர் அதுதான்.

சட்டம் பற்றி ரெண்டே வரி. டென்மார்க்கில் அங்கீகரித்த முதற்பெயர்ப் பட்டியல் உண்டு, அதில் இல்லாததற்கு விண்ணப்பிக்க வேண்டும். ஐஸ்லாந்தில் 1991லிருந்து பெயர்க் குழு ஒன்று புதுப் பெயர்களுக்கு அனுமதி தருகிறது அல்லது மறுக்கிறது. ஸ்வீடனில் பெயர்ப் பதிவு வரித்துறையின் கையில். பெயர் பட்டியலில் இருப்பதால் யாரோ வைத்திருக்கிறார்கள் என்று ஆகாது, அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கடைசியாகப் பொருள். பழைய நார்ஸ், அதாவது அந்தக் கால ஸ்காண்டிநேவிய மொழிப் பெயர்களில் பெரும்பாலானவை இரண்டு துண்டு. முன்துண்டு, பின்துண்டு என்று ஒரு கையிருப்பு இருந்தது, அப்பாவிடமிருந்து ஒன்று, பாட்டியிடமிருந்து ஒன்று என்று எடுத்து ஒட்டினார்கள். ஒட்டியது ஒரு வாக்கியமாகப் பொருள் தர வேண்டும் என்று அவர்கள் கவலைப்படவில்லை. நம்பாதவர்கள் குன்ஹில்டைப் பாருங்கள்: குன் என்றாலும் போர், ஹில்ட் என்றாலும் போர். ‘போர்ப் போர்’ என்று எந்தத் தாயும் யோசித்திருக்கமாட்டாள். ஆகவே ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாகப் பொருள் எழுதுங்கள், நடுவில் ‘இன்’ போட்டுச் சேர்க்காதீர்கள்.

பெர்க்லியோட்டில் முன்துண்டு காப்பாற்றுதல், உதவுதல் என்ற வினையோடு சேர்ந்தது என்பதே வழக்கமான விளக்கம். பின்துண்டில்தான் தகராறு. ஆர்ன்லியோட் என்ற ஆண் பெயரிலும் அதே துண்டு இருக்கிறது. ஒளி என்ற பழைய வேர் என்று ஒரு பக்கம், பயங்கரமான, அருவருப்பான என்ற பொருளுள்ள ‘லியோட்ர்’ என்று இன்னொரு பக்கம். ஒளியை விரும்புவது இயற்கைதான், குழந்தைப் பெயர்த் தளங்களும் அதையே பிடித்துக்கொள்ளும். நீங்கள் இரண்டையும் எழுதுங்கள். சரிபார்க்க ‘நோர்ஸ்க் பெர்சூன்நாம்ன்லெக்சிகோன்’ என்ற பெயரகராதி நல்லது, 1982ல் முதல் பதிப்பு, 1995ல் விரித்த பதிப்பு. கல்வெட்டில் பெயர் இருக்கிறதா என்று பார்க்க ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தின் ரூனிக் (பழைய ஸ்காண்டிநேவிய எழுத்து) கல்வெட்டுத் தரவுத்தளம் இருக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இன்றைய ஐஸ்லாந்து மொழியில் ‘லியோட்’ என்றால் பெண்பாலில் நேராகவே ‘அசிங்கமானவள்’. சின்னப் பிள்ளைக்கும் அந்தச் சொல் தெரியும். அந்த நாட்டில்தான் பெர்க்லியோட் யாரும் முகம் சுளிக்காமல் வைத்துக்கொள்ளும் பெயர்.