சைட்டைத் திருகுவதற்கு முன்னால் ரவுண்டை முடிவு பண்ணுங்கள்

பிஸ்டல் புதிதாகக் கைக்கு வந்ததும் பலர் முதலில் தேடுவது ஸ்க்ரூ டிரைவரைத்தான். நாலு குண்டு இடது பக்கம் விழுந்தால் போதும், பின் சைட்டை (குறி பார்க்கும் பாகத்தை) திருக ஆரம்பித்துவிடுவார்கள். நானும் அதே கட்சிதான். ஒருமுறை நானே லோடு பண்ணிய (காலி கேஸில் பிரைமர், பவுடர், புல்லட் வைத்துச் செய்த) மூன்று விதமான ரவுண்டுகளை, அதாவது தோட்டாக்களை, ஒரே டப்பாவில் போட்டு எடுத்துப்போய், இரண்டு நாள் சாயங்காலம் முழுக்க சைட்டை ஏற்றி இறக்கி, கடைசியில் ஆரம்பித்த இடத்துக்கே வந்து நின்றேன். துப்பாக்கியில் ஒரு கோளாறும் இல்லை. 115 கிரெயின் (புல்லட்டின் எடை அளவு) புல்லட்டும் 147 கிரெயின் புல்லட்டும் ஒரே இடத்தில் விழும் என்று நான் நம்பியதுதான் கோளாறு.

கைத்துப்பாக்கியில் கனமான, மெதுவான புல்லட் பொதுவாக மேலே விழும். கேட்கத் தலைகீழாகத் தோன்றும். ஆனால் மெதுவான புல்லட் பேரலுக்குள் (குழலுக்குள்) கொஞ்சம் அதிக நேரம் இருக்கிறது, அந்த நேரத்தில் உதைப்பு முனையை மேலே தூக்கிவிடுகிறது, 25 மீட்டருக்குள் புவியீர்ப்பு அதைச் சரிக்கட்டுவதற்குள் குண்டு தாளில் விழுந்துவிடுகிறது. ஆகவே ரவுண்டு மாறினால் சைட்டும் மாறும். முதலில் ஒரு ரவுண்டைத் தேர்ந்தெடுங்கள், சைட்டை அப்புறம் பார்க்கலாம்.

பவுடர் அளவு எவ்வளவு என்று இங்கே எழுதப் போவதில்லை. அது பவுடர் கம்பெனி அச்சிட்ட லோடு டேட்டாவில் இருக்கிறது. உங்கள் பவுடர், உங்கள் புல்லட், அதில் சொன்ன மொத்த நீளம் எல்லாம் பொருந்துகிற வரியைத்தான் பார்க்க வேண்டும், நண்பர் சொன்ன அளவையோ எங்கோ படித்த அளவையோ இல்லை. ஆரம்ப அளவில் தொடங்கி, சின்னச் சின்னப் படியாக ஏறுங்கள், ஒவ்வொரு படிக்கும் தனிப் பை, பை மேல் எழுத்து. வேகமாக எரியும் பிஸ்டல் பவுடர் பல சமயம் கேஸில் பாதியைக்கூட நிரப்பாது, அதனால் இரண்டு முறை விழுந்திருந்தாலும் சட்டென்று கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். புல்லட்டை வைக்கும் முன் ஒவ்வொரு கேஸிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடரே விழாத கேஸும் அதே அளவு ஆபத்து: பிரைமர் (பவுடரைப் பற்றவைக்கும் சின்ன மூடி) மட்டும் வெடித்து புல்லட்டைப் பேரலில் நட்டுவிடும், அதன் பின்னால் அடுத்ததைச் சுட்டால் பேரல் கிழியும். "டப்" என்று சத்தம் குறைவாகக் கேட்டால் நிறுத்துங்கள், மேகசினைக் கழற்றி, சேம்பரை (பேரலில் ரவுண்டு உட்காரும் அறையை) காலி செய்து, பேரலைத் தனியே எடுத்து உள்ளே பாருங்கள்.

பிரைமர் தட்டையாகிவிட்டதா என்று பார்த்து அழுத்தத்தைக் கணிப்பதை நான் நம்புவதில்லை. 9 மி.மீ.க்கு அமெரிக்கத் தர அளவில் உச்ச வரம்பு 35,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), .45 ஏசிபிக்கு 21,000. பிரைமர் முகத்தில் தெரிய ஆரம்பிப்பதற்குள் வரம்பை எப்போதோ தாண்டியிருப்பீர்கள்.

லோடு பண்ணிய ரவுண்டு உங்கள் சேம்பருக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க, பேரலைக் கழற்றி, சேம்பர் பக்கத்தை மேலே வைத்து ரவுண்டை உள்ளே போடுங்கள். 'ப்ளங்க்' என்று உலோகச் சத்தத்தோடு விழ வேண்டும், விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும், பேரலைக் கவிழ்த்தால் தானாக வெளியே விழ வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் காரணம் தேடுங்கள். புல்லட் நீளமாக உட்கார்ந்து ரைஃப்ளிங்கை (பேரலின் உள்வரிகளை) தொடலாம், அல்லது புல்லட்டை நுழைக்க விரித்த கேஸ் வாய் இன்னும் விரிந்தே இருக்கலாம். 9 மி.மீ. கேஸ் தன் வாய் விளிம்பில்தான் சேம்பரில் நிற்கிறது, அதனால் ரிவால்வர் ரவுண்டு மாதிரி விளிம்பைச் சுருட்டிக் கடிக்க வைக்கக் கூடாது. டேப்பர் கிரிம்ப் (கேஸ் வாயை லேசாக உள்ளே அழுத்துவது) போட்டு, விரித்த வாயை நேராக்கினால் போதும். வாயில் வெர்னியர் வைத்தால் 9.65 மி.மீ.க்கு மேல் காட்டக் கூடாது.

இன்னொரு சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பவுடரும் பிரைமரும் இல்லாத ஒரு டம்மி ரவுண்டு செய்து, நீளத்தை அளந்து, மேகசினிலிருந்து நாலைந்து தடவை சேம்பருக்கு ஏற்றி, மறுபடி அளங்கள். புல்லட் உள்ளே போயிருந்தால் கேஸ் அதை இறுக்கிப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். புல்லட் உள்ளே இறங்கினால் பவுடருக்கு இடம் குறையும், அழுத்தம் எகிறும். கிரிம்பை அழுத்தி இதைச் சரிசெய்ய முடியாது, கேஸைச் சரியான அளவுக்கு இறுக்கும் சைஸிங் டையையும் வாய் விரிக்கும் அளவையும் பாருங்கள்.

சரி, ரேஞ்சுக்குப் போகலாம். முதல் கேள்வி துப்பாக்கி ஓடுகிறதா என்பதுதான், குரூப் (குண்டுகள் தாளில் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பது) பிறகு. மேகசினில் ஒரே ஒரு ரவுண்டு போட்டுச் சுடுங்கள். ஸ்லைடு (பிஸ்டலின் மேலே முன்பின் நகரும் பாகம்) பின்னால் போய்ப் பூட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பிடியைக் கொஞ்சம் தளர்த்தி ஒரு தடவை, ஒற்றைக் கையில் ஒரு தடவை. பூட்டவில்லை, காலி கேஸ் காலடியிலேயே சோம்பலாக விழுகிறது என்றால் அந்த லோடு உங்கள் ஸ்பிரிங்குக்குப் பத்தாது. எவ்வளவு சின்ன குரூப் போட்டாலும் நூற்றில் மூன்று தடவை சிக்குகிற ரவுண்டு எனக்கு வேண்டாம். ஐ.பி.எஸ்.சி. (ஓடிச் சுடும் வகைப் போட்டி) மாதிரிப் போட்டிக்குச் சுடுகிறவர் புல்லட் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபையும் வைத்துக்கொள்ளுங்கள்: கிரெயின் எடையை விநாடிக்கு இத்தனை அடி என்ற வேகத்தால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் வருவது பவர் ஃபேக்டர், மைனர் என்ற பிரிவுக்குக் குறைந்தது 125 வேண்டும். 124 கிரெயின் 1050 அடி வேகத்தில் போனால் 130.2, அந்த இடைவெளி இருந்தால் நிம்மதி.

குரூப் பார்க்க உட்கார்ந்து, மணல் மூட்டை மேல் மணிக்கட்டை வையுங்கள். ஸ்லைடோ பேரலோ மூட்டையைத் தொடக் கூடாது, தொட்டால் குண்டு வேறெங்கோ போகும். ஸ்லைடை நீங்களே இழுத்து ஏற்றுகிற முதல் ரவுண்டு சில பிஸ்டல்களில் மற்றவற்றோடு சேராது, ஏனென்றால் துப்பாக்கி தானாகப் பூட்டும்போது இருக்கிற இறுக்கமும் கையால் ஏற்றும்போது இருக்கிற இறுக்கமும் வேறு. அந்த முதல் ஓட்டையைத் தனியாகக் குறித்து வையுங்கள். ஐந்து குண்டு குரூப் ஒன்றை வைத்து லோடைத் தீர்மானிப்பது காசு சுண்டிப் பார்ப்பது மாதிரி. ஒவ்வொரு லோடிலும் பத்து பத்தாக இரண்டு தாள் சுடுங்கள், இரண்டு லோடுகளுக்கும் வித்தியாசம் அரை சென்டிமீட்டர் என்றால் வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டு, எது சுகமாக ஓடுகிறதோ அதை எடுங்கள்.

இப்போது சைட். இல்லை, ஒரு நிமிடம், முதலில் நீங்கள். வலது கைக்காரருக்குக் குண்டுகள் கீழே இடது பக்கம் குவிந்தால் பெரும்பாலும் டிரிகரை வெடுக்கென்று இழுப்பதுதான் காரணம். நண்பரை விட்டு மேகசினில் உங்களுக்குத் தெரியாமல் டம்மி ரவுண்டு கலக்கச் சொல்லுங்கள். 'க்ளிக்' என்ற இடத்தில் முன் சைட் முங்கினால் வெட்கமாக இருக்கும், ஆனால் ஒரு திருகும் மிச்சம். பிறகு அதே துப்பாக்கியை அவரும் சுடட்டும். அவருடைய குரூப்பும் அதே இடத்தில் என்றால்தான் சைட் மேல் பழி போடலாம்.

எந்த இடத்தைக் குறி வைக்கிறீர்கள் என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். 25 மீட்டர் பிரிசிஷன் தாளில் கருப்பு வட்டம் 200 மி.மீ., பத்து வளையம் 50 மி.மீ. கருப்பின் அடி விளிம்பில் குறி வைத்து நடுவில் அடிப்பவரின் சைட், நடுவையே குறி வைக்கிறவருக்கு 10 செ.மீ. மேலே அடிக்கும். இரவல் துப்பாக்கி "சரியில்லை" என்று திரும்பி வருவதில் பாதி இந்தக் கதைதான்.

பின் சைட்டைக் குண்டு போக வேண்டிய திசையிலேயே நகர்த்துங்கள், முன் சைட்டை எதிர்த் திசையில். எவ்வளவு என்பது சின்னக் கணக்கு: தாளில் விலகியதை இரண்டு சைட்டுக்கும் உள்ள இடைவெளியால் பெருக்கி, தூரத்தால் வகுங்கள். இடைவெளி 160 மி.மீ., 25 மீட்டரில் குண்டு 50 மி.மீ. கீழே என்றால், 50 × 160 ÷ 25,000 = 0.32 மி.மீ. பின் சைட்டை அவ்வளவு ஏற்ற வேண்டும். ஏற்ற வழியில்லாத சைட் என்றால் முன் சைட்டை அரத்தால் அவ்வளவு குறைக்க வேண்டும், 0.2 மி.மீ. குறைத்ததும் நிறுத்திச் சுட்டுப் பாருங்கள், ராவியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

திருகு உள்ள சைட்டில் ஒரு க்ளிக்குக்கு எவ்வளவு நகரும் என்று நீங்களே அளந்துவிடுங்கள். ஆறு க்ளிக் வைத்து பத்து குண்டு, நகர்ந்த தூரத்தை ஆறால் வகுத்தால் ஆயிற்று. கடைசித் தடவை எப்போதும் ஒரே திசையில் திருகி நிறுத்துங்கள், இல்லையென்றால் திருகின் ஆட்டம் அடுத்த நாள் வேறு இடத்தில் தெரியும். முடிந்ததும் ரவுண்டு டப்பா மேல் புல்லட், பவுடர், நீளம், க்ளிக் எண்ணிக்கை, தேதி நாலையும் எழுதி ஒட்டுங்கள். ஐந்து சொல்லிவிட்டேனோ, ஐந்தையும்தான்.