கோவைப் பக்கம் வாடகைக் கார் எடுத்து மலையேற: கிலோமீட்டர் கணக்கிலிருந்து கிளட்ச் வரை

கொங்கு நாட்டில் எந்த ஊரிலிருந்து கார் எடுத்தாலும் இரண்டு மூன்று மணி நேரத்தில் ஏதாவது ஒரு மலையடிவாரம் வந்துவிடும். கோவைக்காரருக்கு ஊட்டியும் வால்பாறையும், ஈரோட்டுக்காரருக்குத் திம்பம், சேலத்துக்காரருக்கு ஏற்காடு, நாமக்கல்காரருக்குக் கொல்லிமலை. அதனால் இங்கே கார் பேசும்போது நாள் வாடகையைவிடக் கிலோமீட்டரும் மலையும்தான் பெரிய கணக்கு. வாடகையில் இருநூறு ரூபாய் குறைத்துவிட்டு, கிலோமீட்டர் எங்கிருந்து ஓடத் தொடங்கும் என்று கேட்காமல் விட்டால், மிச்சம் பிடித்ததைப்போல நாலு மடங்கு கடைசி பில்லில் போய்விடும்.

முதலில் நம்பர் பிளேட்

மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் டிரைவரோடு வரும் டாக்ஸி, அதாவது டி போர்டு. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து என்றால் நீங்களே ஓட்டிக்கொள்ள வாடகைக்கு விட அனுமதி வாங்கிய வண்டி. வெள்ளைப் பலகை ஓன் போர்டு. அது சொந்த உபயோகத்துக்கு மட்டும். மின்சாரக் காருக்குப் பச்சைப் பலகை, அதில் எழுத்து மஞ்சளாக இருந்தால்தான் வாடகை வண்டி.

ஓன் போர்டு காரை "நம்ம பையன் வண்டிதானுங்க, எடுத்துட்டுப் போங்க" என்று பாதி வாடகைக்குத் தருவார்கள். வாங்காதீர்கள். பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு விடுவது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். அதைவிடப் பெரிய ஆபத்து இன்சூரன்ஸ். வாடகைக்கு ஓடியது என்று தெரிந்தால் கம்பெனி க்ளைமை மறுத்துவிடும். எதிர் வண்டிக்காரருக்குக் கொடுக்க வேண்டிய நஷ்டஈடு வண்டிக்காரர் தலையிலும் ஓட்டியவர் தலையிலும் வந்து விழும். ஒரு வீட்டை விற்கிற அளவுக்குக்கூட அது போகலாம். எந்த வண்டியாக இருந்தாலும் எம்பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டால் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று, இன்சூரன்ஸ் இரண்டும் எந்தத் தேதி வரை என்று காட்டும். இரண்டு நிமிட வேலை.

டிரைவரோடு எடுத்தால்

மலையில் இதற்கு முன் ஓட்டிப் பழக்கமில்லாதவர், அதுவும் வயதானவர்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு போகிறவர், யோசிக்காமல் டிரைவரோடு எடுங்கள். வெளியூர் வாடகையில் பெரும்பாலும் ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஒரு மினிமம் உண்டு. 250 அல்லது 300 சொல்வார்கள். நீங்கள் 100 கிலோமீட்டர்தான் ஓடினாலும் அந்த மினிமத்துக்குப் பணம் கட்ட வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். திருப்பூரிலிருந்து அவிநாசி, அன்னூர், மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டி ஏறக்குறைய 105 கிலோமீட்டர். போக வர 210, அங்கே சுற்றுவதற்கு 60 வைத்தால் 270. இரண்டு நாள், மினிமம் 250, கிலோமீட்டருக்கு 14 ரூபாய் என்று வையுங்கள். ஓடியது 270 ஆனாலும் பில் 500 கிலோமீட்டருக்கு, 7,000 ரூபாய். டிரைவர் பேட்டா நாளுக்கு 500 என்றால் 8,000. இதற்குமேல் டோல், பார்க்கிங், சிலர் மலைக்குத் தனியாக ஒரு தொகை.

இதில் 'நாள்' என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. 24 மணி நேரம் என்று நீங்கள் நினைப்பீர்கள். அவர்கள் இரவு 12 மணிக்கு 12 மணி என்று தேதியைக் கணக்கெடுப்பார்கள். வெள்ளி இரவு 11 மணிக்குக் கிளம்பினால் அந்த ஒரு மணி நேரமும் ஒரு நாள். சனிக்கிழமை விடிகாலை 4 மணிக்குக் கிளம்புங்கள், ஒரு நாள் வாடகை மிச்சம், டிரைவரும் தூங்கி எழுந்து வந்திருப்பார்.

அடுத்தது ஷெட் டு ஷெட். வண்டி நிற்கும் இடத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு வருவதும், உங்களை இறக்கிவிட்டுத் திரும்புவதும் உங்கள் கணக்கில்தான். காங்கேயத்தில் இருக்கிறவர் கோவை வண்டியைப் பேசினால் காலி வண்டிக்கே நூற்றைம்பது கிலோமீட்டருக்குமேல் கொடுக்க வேண்டி வரும். போன் பேசும்போதே, "ஏனுங்ணா, மீட்டர் ஷெட்டுல இருந்துங்களா, எங்க ஊட்டுல இருந்துங்களா? பேட்டா, டோலு, கேரளா பெர்மிட்டு எல்லாஞ் சேத்தி எவ்வளவுங்க?" என்று கேட்டு, சொன்னதை அப்படியே வாட்ஸப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். நல்ல வண்டிக்காரர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வைகாசி, ஆவணி, தை முகூர்த்த நாள்களில் நல்ல வண்டி எல்லாம் கல்யாணத்துக்குப் போய்விடும். காலண்டரைப் பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள்.

நீங்களே ஓட்டினால்

ஒரிஜினல் லைசென்ஸ், ஆதார், பெரும்பாலான இடங்களில் 21 வயது. லைசென்ஸ் எடுத்து ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்து அந்த நாட்டு லைசென்ஸை வைத்து ஓட்டுகிறவர், அங்கேயே சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கி வந்துவிடுவது நல்லது. ஒப்பந்தத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓட்ட வேண்டும். மச்சானும் மாற்றி மாற்றி ஓட்டுவார் என்றால் அவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள். பெயர் இல்லாதவர் ஓட்டி இடித்தால் இன்சூரன்ஸ் கிடைக்காமல் போகலாம்.

ஒப்பந்தத்தில் ஆறு இடத்தை விரலை வைத்துப் படியுங்கள்: எத்தனை கிலோமீட்டர் வரை சேர்த்தி, அதற்குமேல் கிலோமீட்டருக்கு எவ்வளவு, தாமதமானால் மணிக்கு எவ்வளவு, பெட்ரோல் எடுத்த அளவுக்கே நிரப்பித் தர வேண்டுமா, கேரளா, கர்நாடகா போகலாமா, இடித்தால் உங்கள் கையிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு. ஆறாவதுதான் முக்கியம். முழு இன்சூரன்ஸ் என்று வாயால் சொன்னாலும், டயர், ரிம், வண்டியின் அடிப்பாகம், எரிந்த கிளட்ச் இதெல்லாம் பெரும்பாலும் அதில் வராது. மலைக்குப் போகிறவருக்குச் சேதமாவதும் பெரும்பாலும் இவைதான்.

எந்த வண்டி

ஐந்து பேர் ஏறி, டிக்கி நிறையப் பையோடு, ஏசியும் போட்டுக்கொண்டு சின்ன பெட்ரோல் ஹேட்ச்பேக்கில் மலையேறினால் வண்டி திணறும். நாலு பேர் வரை அது தாராளம். ஐந்து ஆறு பேர் என்றால் எர்டிகா மாதிரி வண்டி எடுங்கள். ஏழு பேர் உட்கார்ந்தால் பின்னால் பை வைக்க இடமே இருக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள். சிஎன்ஜி வண்டியில் டிக்கியின் பெரும்பகுதியைச் சிலிண்டரே அடைத்துக்கொள்ளும், ஏற்றத்தில் இழுவையும் குறையும். மலைக்குப் பெட்ரோலில் போட்டு ஓட்டுங்கள். சில வாடகை வண்டிகளில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்குமேல் போகாதபடி ஸ்பீடு கவர்னர் பூட்டியிருப்பார்கள். முன்னால் போகும் பஸ்ஸை ஏறிக் கடக்கும்போது பாதி வழியில் வேகம் அதற்குமேல் ஏறாது, ஆகவே எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

வண்டியைக் கையில் வாங்கும்போது

பகல் வெளிச்சத்தில் வாங்குங்கள். போன் கேமராவை வீடியோவில் போட்டு வண்டியை ஒரு சுற்று மெதுவாகச் சுற்றி வாருங்கள். முன் பம்பரின் கீழ் உதடு, நாலு ரிம், இடது பக்கக் கண்ணாடியின் வெளிமுனை, பின் பம்பர் மூலை. கீறல் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். குனிந்து பார்க்க வேண்டும், நின்றபடி எடுத்தால் பம்பரின் அடி தெரியாது. கடைசியில் டேஷ்போர்டில் கிலோமீட்டரும் பெட்ரோல் முள்ளும் தெரிகிற மாதிரி ஒரு படம். எல்லாவற்றையும் அங்கேயே நின்று கடைக்காரருக்கு வாட்ஸப்பில் அனுப்புங்கள். அனுப்பிய நேரம் அதில் பதிந்துவிடும்.

டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பட்டன், அதாவது டயர் வரிப்பள்ளத்தின் ஆழம், 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருக்கக் கூடாது. மழைக்காலத்தில் அதைவிட நிறையவே வேண்டும். காற்று எவ்வளவு என்று டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருப்பார்கள். ஸ்டெப்னியைக் கையால் அமுக்கிப் பாருங்கள், ஜாக்கி, வீல் ஸ்பேனர் இருக்கிறதா பாருங்கள். ஸ்டெப்னி இருந்து ஸ்பேனர் இல்லாத வண்டி பஞ்சரானால் வால்பாறை வழியில் ஆளியாறுக்கு மேலே நின்று யாரையும் கூப்பிட முடியாது, பல இடங்களில் சிக்னலே கிடைக்காது.

கிளட்ச்சுக்கு ஒரு சோதனை உண்டு. சமதளத்தில், முன்னால் யாரும் இல்லாத இடத்தில், ஹேண்ட்பிரேக்கை இறுக்கி மூன்றாவது கியரில் போட்டு மெதுவாகக் கிளட்சை விடுங்கள். இன்ஜின் உடனே அணைந்தால் கிளட்ச் நன்றாக இருக்கிறது. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் தேய்ந்துவிட்டது, வேறு வண்டி கேளுங்கள். ஒரு தடவை செய்தால் போதும்.

இ-பாஸும் இரவுத் தடையும்

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வேண்டும். வால்பாறைக்கும் 2025 நவம்பரில் வந்துவிட்டது. அரசுத் தளத்தில் இலவசம்தான். ஆனால் பாஸ் வண்டி எண்ணுக்குத்தான். வாடகைக் கார் எடுப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்: முதல் நாள் ஒரு எண்ணைக் கொடுப்பார்கள், காலையில் "அது சர்வீஸுக்குப் போயிருச்சுங்க" என்று வேறு வண்டி வரும். பழைய பாஸ் செல்லாது. சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று வரம்பு வேறு. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000. வண்டி மாறாது என்று உறுதி வாங்கிக்கொண்டு பாஸ் எடுங்கள்.

திம்பம் மலைப்பாதையில் இரவு 9 முதல் காலை 6 வரை கார் போக முடியாது. முதுமலை தாண்டி பந்திப்பூர் வழியாக மைசூர் போகும் சாலையிலும் அதே நேரம்தான். திம்பம் அடிவாரத்தில் சத்தியமங்கலம் பண்ணாரியில் ஒன்பதுக்குமேல் வந்து நின்றுகொண்டு கெஞ்சுவதைவிட மாலை ஆறுக்கே மேலேறிவிடுவது உத்தமம். நீலகிரியில் சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுபோகக் கூடாது, சோதனைச் சாவடியில் பிடுங்கிக்கொள்வார்கள். சில்வர் பாட்டிலில் நிரப்பிக்கொள்ளுங்கள். கோடை சீசனில் ஊட்டிக்குக் குன்னூர் வழி ஏறி கோத்தகிரி வழி இறங்கும்படி ஒருவழி செய்வார்கள், கிலோமீட்டர் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தைப்பூசம், பங்குனி உத்திரம் சமயத்தில் பழனி பாதயாத்திரையும் கொடுமுடித் தீர்த்தக் காவடியும் சாலையோரம் நடக்கும். உடுமலை, தாராபுரம் பக்கம் இரவில் ஓட்ட வேண்டாம். காவி வேட்டி ஹெட்லைட்டில் தெரிவதற்குள் பக்கத்தில் வந்துவிடுவோம்.

மலையில்

பெட்ரோலை மேட்டுப்பாளையத்திலோ பொள்ளாச்சியிலோ நிரப்பிவிடுங்கள். வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70, திம்பத்துக்கு 27, ஏற்காட்டுக்கு 20. ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. இறங்குகிறவர் ஒதுங்கி வழிவிட வேண்டும். திம்பத்தில் லாரி வளைவு முழுவதையும் எடுத்துக்கொண்டுதான் திரும்பும். நீங்கள் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள், ஏறும் லாரியின் வாலில் ஒட்டாமல் இரண்டு வண்டி நீளம் விடுங்கள், அது பின்னால் உருளலாம்.

ஏற்றத்தில் நிற்கும்போது வண்டியைக் கிளட்ச்சில் தாங்கிப் பிடிக்காதீர்கள். ஹேண்ட்பிரேக் போடுங்கள், நியூட்ரலில் நில்லுங்கள். கிளம்பும்போது ஆக்சிலேட்டர் கொஞ்சம், கிளட்ச் பாதி, வண்டியின் மூக்கு லேசாக எழும்பும், அப்போது ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். எரிந்த சூட்டு வாடை வந்தால் கிளட்ச் கருகுகிறது; ஓரங்கட்டி இருபது நிமிடம் ஆற விடுங்கள். அரை மணி நெரிசலில் ஒரு கிளட்சையே எரித்துவிட முடியும், அந்தப் பில் உங்கள் டெபாசிட்டைத் தாண்டும்.

இறங்கும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியர். பெரும்பாலும் இரண்டாவது. நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்பதை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆட்டோமேட்டிக்கில் டி-யை விட்டு எல், 2 அல்லது எம்-க்கு மாற்றுங்கள். பிரேக்கை ஒரேயடியாக மிதித்துக்கொண்டே வந்தால் பேட் சூடாகி, சூடு பிரேக் ஆயிலுக்கு ஏறி, ஆயில் கொதித்துக் குமிழ் விடும். குமிழ் அமுங்கும், ஆயில் அமுங்காது. அதனால்தான் பெடல் திடீரென்று பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. அப்படி ஆனால் பெடலை விட்டு விட்டு வேகமாக மிதியுங்கள், கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள், பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப் பக்கம் ஓரங்கட்டுங்கள். நிறுத்தியபின் சூடான டிஸ்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும். கியரில் போட்டு, டயருக்குக் கல் வைத்து, அரை மணி நேரம் ஆறட்டும்.

யானை நின்றால் ஹாரன் வேண்டாம், லைட்டை மின்ன வைக்க வேண்டாம், இறங்கவே வேண்டாம். இன்ஜினை அணைக்காமல் தூரத்திலேயே நின்று, அது நகரும்வரை காத்திருங்கள்.

குழந்தைகளுக்கு மலையேறுமுன் வயிறு நிறையக் கொடுக்காதீர்கள். எலுமிச்சையும் நாலைந்து கவரும் கையெட்டும் இடத்தில் இருக்கட்டும். சீட்டில் வாந்தி பட்டால் கழுவும் கூலியையும் உங்களிடம்தான் வாங்குவார்கள்.

திருப்பிக் கொடுக்கும்போது

ஒரு மணி நேரம் முன்பே ஊருக்குள் வந்துவிடுங்கள். சாயங்காலம் காந்திபுரம், உக்கடம் நெரிசலை நம்பி நேரத்தைக் குறிக்காதீர்கள். எடுத்த அதே அளவுக்குப் பெட்ரோல் போட்டு, பில்லை வையுங்கள். எடுத்தபோது எடுத்த அதே வீடியோவைத் திரும்ப எடுங்கள், கடைக்காரர் பக்கத்தில் நிற்கும்போதே. சேதம் இல்லை என்று வாட்ஸப்பில் ஒரு வரி வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுங்கள். ஃபாஸ்டேகில் கழிந்த டோலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கோவையிலிருந்து சேலம் போயிருந்தால் கணியூர், விஜயமங்கலம், வைகுந்தம் என்று ஒவ்வொன்றும் தேதியோடு இருக்கும், நீங்கள் போகாத சாவடி எதுவும் அதில் இருக்கக் கூடாது. டெபாசிட் எத்தனை நாளில் வரும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சிக்னல் தாண்டிய அபராதம் சில வாரம் கழித்துக்கூட வரலாம், ஆகவே வீடியோவையும் ஒப்பந்தத்தையும் ஒரு மூன்று மாதம் போனிலிருந்து அழித்துவிடாதீர்கள்.