இரும்பென்று நினைத்து ஃபைபரைக் கையாளாதீர்கள்

தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தை அடுத்த மணலில் ஒரு ஃபைபர் வள்ளம் கவிழ்த்துப் போடப்பட்டிருந்தது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. பழுதுபார்க்கும் அண்ணன் ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து அணியத்திலிருந்து (வள்ளத்தின் முன்முனை) வரிசையாகத் தட்டிக்கொண்டே வந்தார். கணீரென்று ஒலித்த ஓசை ஓரிடத்தில் ‘தொப்’பென்று மழுங்கியது. அங்கே சாக்பீஸால் வட்டம் போட்டார். தேய்த்துப் பார்த்தால், உள்ளங்கை அகலத்துக்கு அடுக்குகள் பிரிந்து கிடந்தன.

“போன ஆனியில் தூண்டில் வளைவுக் கல்லில் லேசாக உரசியது அண்ணே, அவ்வளவுதான்” என்றார் வள்ளக்காரர். கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கொட்டிய கல்வரிசையைத்தான் தூண்டில் வளைவு என்கிறோம்.

கண்ணை மட்டும் நம்புவதுதான் முதல் தவறு. இரும்பு அடிபட்டால் நெளிந்து காட்டிக்கொடுக்கும். கண்ணாடி நாரும் ரெசின் என்ற இறுகும் பசையும் சேர்ந்த கூட்டுப்பொருளோ அடியை உள்ளே வாங்கி மறைத்துக்கொள்ளும். எடையில் ஏறக்குறைய பாதி கூட்டுப்பொருளாலான போயிங் 787 விமானத்துக்கும் இது பொருந்தும். மேலே தெரியாத பிரிவைத் தேடத்தான் தட்டிப் பார்ப்பதும் மீயொலிச் சோதனையும். 2023 ஜூனில் 5 பேருடன் அட்லாண்டிக்கில் நொறுங்கிய டைட்டன் நீர்மூழ்கியின் உடல் கார்பன் நாரால் ஆனது. முந்தைய ஆண்டே ஒரு பயணத்தில் பெரிய வெடிச்சத்தம் கேட்டிருந்தது. அந்த ஓசையை உரிய முறையில் ஆராயாமலே மறுபடியும் இறக்கினார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் அந்த நாணயம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

அடுத்தது, எந்தப் பக்கமும் ஒரே பலம் என்ற நம்பிக்கை. பனைமட்டையை நீளவாக்கில் கிழித்துவிடலாம், குறுக்கே ஒடிப்பது கடினம். ஃபைபரும் அப்படித்தான்: நார் ஓடும் திசையில்தான் வலு. ரெசின் நாரைப் பிடித்து நிறுத்தும் பசை மட்டுமே. ‘இன்னும் ரெண்டு மக் ரெசின் ஊற்றினால் கெட்டியாகும்’ என்று ஊற்றினால் வள்ளம் கனக்கும், வெடிப்பும் விழும்.

ஒட்டுப்போடும்போது நடக்கும் பிழைகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். உப்பு படிந்த, ஈரம் காயாத பரப்பில் ‘மேட்’ எனும் கண்ணாடிநார் விரிப்பை ஒட்டினால் அது பிடிக்காது. நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, நார் தெரியும்வரை தேய்க்க வேண்டும். ஓட்டையின் ஓரத்தையும் சரிவாக்க வேண்டும். 6 மில்லிமீட்டர் கனத்துக்குச் சுற்றிலும் 70 மில்லிமீட்டர் அளவுக்காவது சரிவு வேண்டும். அவசரத்தில் மேலே ஒரு துண்டை மட்டும் ஒட்டினால், அடுத்த முறை கடலுக்குப் போகும்போதே உரிந்து வரும். ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் பொதுவாக ரெசினில் 1 முதல் 2 சதவீதம் போதும். சீக்கிரம் இறுக வேண்டுமென்று கூட்டினால் சூடேறி விரிசல் விடும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் திரவத்தையும் கேட்டலிஸ்டையும் ஒருபோதும் நேராக ஒன்றில் ஒன்றை ஊற்றாதீர்கள், வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்குங்கள், பிறகே கேட்டலிஸ்ட். கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி அணியாமல் வேலை செய்யும் பையன்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதைக்கிறது.

கடலோரத்தில் வீடு கட்டுபவர்கள் இப்போது துருப்பிடிக்காத கண்ணாடிநார்க் கம்பிகளைத் தேடுகிறார்கள். தேடுவதில் தவறில்லை, உப்புக்காற்றில் இரும்பு என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். ஆனால் 12 மில்லிமீட்டர் இரும்புக்குப் பதில் அதே 12 என்று கணக்குப் போடக்கூடாது. இழுவிசையைத் தாங்கினாலும், அதன் விறைப்பு இரும்பில் கால்பங்கு அளவுதான். தளம் தொய்யும். வேலையிடத்தில் வளைக்கவும் முடியாது, வளைவுகளைத் தொழிற்சாலையிலேயே செய்து வாங்க வேண்டும். தீப்பிடித்தால் ரெசின் சீக்கிரமே இளகிவிடும். வடிவமைக்கத் தெரிந்த பொறியாளர் இல்லாமல் இறங்காதீர்கள்.

கார்பன் நாரை அலுமினியத்தோடு நேரடியாகப் பொருத்துவதும் தவறு. உப்பு ஈரத்தில் அலுமினியம் அரித்துப்போகும். இடையே ஒரு கண்ணாடிநார் அடுக்கு வேண்டும்.

இடத்துக்கேற்ற பொருளாக இருந்தால் இது செய்யும் உதவி பெரிது. 3 கிலோவுக்கும் மேல் எடையுள்ள கால் தாங்கிகளோடு நடந்த குழந்தைகளுக்கு, அப்துல் கலாமின் குழுவினர் விண்வெளிக் கூட்டுப்பொருளால் 300 கிராமில் தாங்கி செய்து கொடுத்தார்கள்.

பழைய வள்ளத்தைக் கரையில் போட்டுக் கொளுத்துவதையாவது நிறுத்துங்கள். ரெசின் எரிந்து நச்சுப்புகை போன பிறகும் கண்ணாடி நார் மணலில் அப்படியே கிடக்கிறது. அதே மணலில்தான் நெத்திலி காயப்போடுகிறோம், பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிறார்கள்.